சர்வர் மாறியாச்சு, பாஸ்வேர்டும் சரி. ஆனாலும் மெயில் திறக்காதது ஏன்?

சனிக்கிழமை இரவு மெயில் சர்வரைப் பழைய மெஷினில் இருந்து புது மெஷினுக்கு மாற்றிவிட்டு, "எல்லாம் ஓடுதுண்ணே, நிம்மதியா தூங்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார் சிஸ்டம் பார்க்கும் தம்பி. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவருடைய போன் அடிக்கத் தொடங்கும்.

"தம்பி, பாஸ்வேர்டு தப்புன்னு காட்டுதே. நான் எதையும் மாத்தவே இல்லையேப்பா!"

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் பதினைந்து பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆதனக்கோட்டைப் பக்கத்து முந்திரி வியாபாரமாக இருக்கலாம், ஆலங்குடி அரிசி ஆலையாக இருக்கலாம், ஜெகதாப்பட்டினத்தில் இருந்து மீன் அனுப்புகிறவர்களாக இருக்கலாம். சொந்தமாக ஒரு டொமைன் பெயர், அதில் ஆளுக்கொரு மெயில் முகவரி. மதியம் மூன்று மணிக்குள் ஒரு விலைப்புள்ளி போயாக வேண்டும். போகவில்லை என்றால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். அந்த நேரத்தில் திரையில் "பாஸ்வேர்டு தவறு" என்று வந்து நின்றால், எல்லோரும் செய்யும் முதல் வேலை அதே பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிப்பதுதான். சிக்கல் பெரிதாவதும் அங்கேதான்.

சர்வர் மாற்றம் சின்ன அலுவலகங்களின் தலைவலி மட்டும் இல்லை. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் கணக்குகள், தேசிய தகவலியல் மையத்தின் பழைய அமைப்பில் இருந்து சென்னையைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்திகள் வெளியாயின. 2023-ல் ஏழு ஆண்டுகளுக்குப் போடப்பட்ட ஒப்பந்தத்தின்படி நடந்த மாற்றம் அது. முகவரிகளின் முடிவில் இருக்கும் அரசு டொமைன் பெயர் மாறவில்லை. பின்னால் இருக்கும் மெஷின்தான் மாறியது. வாசல் பெயர்ப்பலகை அதே, வீடு வேறு. கீழ ராஜ வீதி அலுவலகத்தில் நடந்திருப்பதும் இதேதான், அளவுதான் சின்னது.

பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது யார்?

மெயில் சர்வர் என்று ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே வேலை பார்ப்பது இரண்டு பேர். கடிதத்தை வாங்கி அனுப்புவது ஒருவர். வந்த கடிதத்தைப் பெட்டியில் வைத்து உங்களுக்குக் காட்டுவது இன்னொருவர். லினக்ஸ் சர்வர்களில் முதல் வேலைக்குப் பெரும்பாலும் போஸ்ட்ஃபிக்ஸ், இரண்டாவதுக்கு டவ்காட். இரண்டுமே இலவச மென்பொருள்கள். ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது வீட்சே வெனிமா எழுதி 1998-ல் வெளிவந்தது போஸ்ட்ஃபிக்ஸ். பின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிரைனன் 2002-ல் தொடங்கியது டவ்காட்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. மெயில் அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபி 1982-ல் எழுதப்பட்டபோது, "நீ யார்?" என்று கேட்கும் பழக்கமே அதில் கிடையாது. கடிதம் கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் வாங்கிக்கொள்ளும். ஒருவரை ஒருவர் தெரிந்த ஆராய்ச்சியாளர்களின் உலகம் அது. ஸ்பாம் பெருகிய பிறகுதான் 1999-ல் அடையாளச் சரிபார்ப்பு தனியாக ஒட்டப்பட்டது. வீடு கட்டி முடித்துப் பல வருடம் கழித்து வைத்த பூட்டு என்பதால், மாற்றும்போது முதலில் கழன்று விழுவதும் அதுவே.

போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொந்தமாக பாஸ்வேர்டு பார்க்கத் தெரியாது. "இவர் சொல்வது சரியா?" என்று டவ்காட்டிடம் கேட்கும். அப்படிக் கேட்பதற்கு இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் வேண்டும். சாக்கெட் என்று சொல்லப்படும் சிறப்புக் கோப்பு அது. பழைய மெஷினில் யாரோ ஒருவர் பல வருடத்துக்கு முன்னால் அந்த ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார். புது மெஷினில் அது இருக்காது. இருந்தாலும் வேறு இடத்தில் இருக்கும். டெபியன் வகை லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் தன்னுடைய கூண்டுக்குள்ளேயே ஓடும். கூண்டுக்கு வெளியே இருக்கும் ஜன்னல் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு உரிமையாளர் போஸ்ட்ஃபிக்ஸ் என்று இல்லாவிட்டால், கண்ணுக்குத் தெரிந்தாலும் கை வைக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு அடையாளம் கைகொடுக்கும். மெயில் வருகிறது, படிக்க முடிகிறது, அனுப்ப மட்டும் முடியவில்லை என்றால் பாஸ்வேர்டில் தப்பே இல்லை. டவ்காட் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது, ஜன்னல்தான் அடைத்திருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றி ஒரு பயனும் இல்லை.

'தப்பு' வேறு, 'இப்ப பார்க்க முடியலை' வேறு

சர்வர் திருப்பித் தரும் பதில்களைப் பலரும் படிப்பதில்லை. மெயில் செயலிகளும் அதை மறைத்து, எல்லாவற்றுக்கும் "யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு" என்ற ஒரே வாசகத்தைக் காட்டிவிடுகின்றன. அது பெரிய அநியாயம். ஏனென்றால் பதில்களில் இரண்டு சாதி உண்டு.

535 என்று தொடங்கும் பதில் வந்தால், "பார்த்தேன், பொருந்தவில்லை" என்று அர்த்தம். 454 என்று வந்தால், "இப்போதைக்கு என்னால் சரிபார்க்க முடியவில்லை" என்று அர்த்தம். மெயில் படிக்கும் பக்கமும் அப்படியே: "அங்கீகாரம் தோல்வி" என்பது ஒன்று, "தற்காலிகமாகச் சரிபார்க்க இயலவில்லை" என்பது இன்னொன்று. இரண்டாவது வகை வந்தால் பயனாளர் மீது பழியே கிடையாது. பெயர்ப் பட்டியல் இருக்கும் டேட்டாபேஸ் ஓடவில்லை, அல்லது அந்த டேட்டாபேஸுக்குள் டவ்காட் நுழையப் பயன்படுத்தும் சாவி புது மெஷினில் செல்லவில்லை, அல்லது அமைப்புக் கோப்பைப் படிக்கும் உரிமை இல்லை.

ஆகவே சிஸ்டம் தம்பி திங்கட்கிழமை காலையில் செய்ய வேண்டிய முதல் காரியம், போனை எடுத்துப் பதினைந்து பேருக்கும் பதில் சொல்வது அல்ல. சர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்து பார்ப்பது. அதிலும் ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கும். டெபியன் 12 முதல், மெயில் பதிவுகள் வழக்கமாக இருக்கும் அந்தக் கோப்பே புதிதாக நிறுவிய மெஷினில் இருக்காது. அதை எழுதும் மென்பொருள் இப்போது தானாக நிறுவப்படுவதில்லை. "லாக் ஃபைலே காணோமே" என்று பதற வேண்டாம். ஜர்னல் என்ற பொதுப் பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது, 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் பெயரைக் கொடுத்துக் கேட்டால் வரும்.

சரிபார்ப்பை நடுவில் யாரும் இல்லாமல் நேரடியாகச் சோதிக்கவும் வழி உண்டு. சர்வரில் உட்கார்ந்துகொண்டு 'டவ்அட்ம்' என்ற கருவியிடம் ஒரு பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, "இது சரியா?" என்று கேட்கலாம். சரி என்றால் பாஸ்வேர்டு பக்கம் போகவே வேண்டாம். கோளாறு நெட்வொர்க், சான்றிதழ், போர்ட் பக்கம். தவறு என்றால் மட்டும் பாஸ்வேர்டு கோப்புக்குப் போகலாம். இந்த ஒரே சோதனை, பாதி நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அம்மன் காசும் பழைய ஹாஷும்

புதுக்கோட்டைக்காரர்களுக்கு அம்மன் காசு தெரியும். பிரகதாம்பாள் உருவம் பொறித்த சின்னச் செப்புக் காசு, சமஸ்தானத்தின் சொந்த நாணயம். 1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. இன்றைக்கு அந்தக் காசைக் கடையில் நீட்டினால், காசு அசல்தான், ஆனால் கல்லாவில் இருக்கிறவர் வாங்க மாட்டார்.

பாஸ்வேர்டுக்கும் இதே கதி நேரலாம். சர்வர் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை அரைத்து, திரும்ப எடுக்க முடியாத ஒரு நீண்ட சரமாக, அதாவது ஹாஷாக, வைத்திருக்கும். நீங்கள் லாக்-இன் செய்யும்போது கொடுப்பதையும் அதே முறையில் அரைத்து இரண்டையும் ஒப்பிடும். எந்த முறையில் அரைத்தது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. எம்டி5 என்ற பழைய முறையை இன்றைய கம்ப்யூட்டர்கள் சுலபமாக உடைத்துவிடும் என்பதால் புதிய பதிப்புகள் அதை ஏற்பதில்லை.

2025 ஜனவரியில் வந்த டவ்காட் 2.4 பதிப்பு இப்படிப் பலவீனமான முறைகளை, நாம் தனியாக அனுமதி கொடுத்தால் ஒழிய, ஒதுக்கிவிடுகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ல் இருப்பது இந்த 2.4 தான். பத்து வருடத்துக்கு முன்னால் போட்ட பாஸ்வேர்டை அதற்குப் பிறகு மாற்றாத ஊழியர், புது மெஷினில் வெளியே நிற்பார். போன வருடம் சேர்ந்த பெண் ஊழியருக்கு அதே சர்வரில் ஒரு பிரச்சினையும் இருக்காது. "எனக்கு மட்டும் ஏன்?" என்று மூத்தவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, விடை அவருடைய ஹாஷின் வயதில் இருக்கிறது.

இதே 2.4-ல் இன்னொரு பொறி. பழைய 2.3 பதிப்பின் அமைப்புக் கோப்புகளை அப்படியே நகல் எடுத்துப் போட்டால் டவ்காட் கிளம்பவே கிளம்பாது. அமைப்புகளின் பெயர்கள் பலவும் மாறிவிட்டன. கோப்பின் தொடக்கத்தில் எந்தப் பதிப்புக்கான அமைப்பு என்று எழுதியாக வேண்டும். "பழசுல ஓடிச்சே!" என்பது இங்கே செல்லாது. உபுண்டு 24.04-ல் இருப்பது இன்னும் 2.3 என்பதால், அந்த மெஷினுக்கு மாறியவர்கள் இந்தத் தொல்லையில் இப்போதைக்குத் தப்பித்தவர்கள்.

ஹாஷைத் திரும்ப எடுக்க முடியாது என்பதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மெயில் சேவையில் இருந்து இன்னொரு நிறுவனத்தின் சேவைக்கு மாறும்போது, கடிதங்களைக் கொண்டுபோகலாம், பாஸ்வேர்டுகளைப் பொதுவாகக் கொண்டுபோக முடியாது. ஆளுக்கு ஒரு புது பாஸ்வேர்டு கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதை முன்கூட்டியே சொல்லாத நிர்வாகிதான் திங்கட்கிழமை திட்டு வாங்குகிறார்.

பெயரை எப்படி எழுதுவது?

பழைய சர்வரில் யூசர்நேம் என்ற இடத்தில் வெறும் பெயரை அடித்தால் போதும் என்று இருந்திருக்கலாம். புது சர்வர், அட் குறியோடு டொமைனையும் சேர்த்து முழு முகவரியைக் கேட்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம்கூடச் சில அமைப்புகளில் காலை வாரும். பதிவேட்டில் "இப்படி ஒரு பயனாளரே இல்லை" என்று வரி வந்தால் பாஸ்வேர்டை விட்டுவிட்டுப் பெயரைப் பாருங்கள். டவ்காட்டில் இதற்கென்று ஒரே ஒரு வரி அமைப்பு இருக்கிறது. அதைப் பழையபடி வைத்துவிட்டால், பதினைந்து பேருடைய போனிலும் கை வைக்க வேண்டியதில்லை.

உள்ளே விட்டுவிட்டு, பெட்டியைத் திறக்க மறுப்பது இன்னொரு வகை. லினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளரைப் பெயரால் நினைவில் வைப்பதில்லை, எண்ணால் வைக்கிறது. பழைய மெஷினில் மெயில் பெட்டிகளின் உரிமையாளர் எண் 5000 என்றால், நகல் எடுத்த பிறகும் அது 5000 தான். புது மெஷினில் மெயிலுக்கான பயனாளருக்கு 1001 என்று எண் விழுந்திருந்தால், தன் வீட்டுக் கதவையே அவரால் திறக்க முடியாது. பயனாளர் பார்வையில் இதுவும் "லாக்-இன் ஆகலை" என்பதுதான். பதிவேட்டில் மட்டும் "அனுமதி மறுப்பு" என்று தெளிவாக எழுதியிருக்கும்.

போர்ட், சான்றிதழ், மாடியில் இருக்கும் ஸ்கேனர்

ஊழியர்கள் மெயில் அனுப்பும் வாசல் எண் 587 அல்லது 465. சர்வருக்கும் சர்வருக்கும் இடையேயான வாசல் 25. புதிதாக நிறுவிய போஸ்ட்ஃபிக்ஸில் 587 வாசல் பூட்டியே இருக்கும். அதற்கான வரிகள் குறிப்பாக மட்டும் எழுதப்பட்டிருக்கும், நாம்தான் உயிர் கொடுக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு முக்கிய அமைப்புக் கோப்புகள் இரண்டு. பலர் ஒன்றை மட்டும் நகல் எடுத்துவிட்டு, வாசல்கள் எழுதியிருக்கும் மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

"இந்த சர்வர் அடையாளச் சரிபார்ப்பை ஆதரிக்கவில்லை" என்று வரும் செய்தி இன்னும் குழப்பமானது. நல்ல சர்வர்கள், பேச்சு முழுவதும் குறியாக்கத்துக்குள் போன பிறகுதான் பாஸ்வேர்டு கேட்கும். புது மெஷினில் டிஎல்எஸ் சான்றிதழ் வைக்காவிட்டால் குறியாக்கம் தொடங்காது. தொடங்காததால் சர்வர் பாஸ்வேர்டே கேட்காது. ஆதரவு இல்லை என்று செயலி புரிந்துகொள்கிறது.

பாஸ்வேர்டைக் குறியாக்கம் இல்லாமல் அனுப்பினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. மெயில் விதிமுறை பெயரையும் பாஸ்வேர்டையும் பேஸ்64 என்ற எழுத்து மாற்றத்தில் அனுப்புகிறது. பார்ப்பதற்குப் புரியாத எழுத்துக் குவியல் மாதிரி இருக்கும். ஆனால் அது ரகசியக் குறியீடு இல்லை. பள்ளி மாணவர்கூட ஒரு நொடியில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். உதவி கேட்டு வாட்ஸ்அப் குழுவில் சர்வர் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறவர்கள், அந்த வரியையும் சேர்த்துப் போட்டால் பாஸ்வேர்டையே போட்டதாகத்தான் அர்த்தம்.

லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழின் ஆயுள் 90 நாள். அதைப் புதுப்பிக்கும் வேலை பழைய மெஷினில் தானாக ஓடிக்கொண்டிருக்கும். சான்றிதழ் கோப்பை மட்டும் நகல் எடுத்துப் புதுப்பிக்கும் வேலையை விட்டுவிட்டால், எல்லாம் நன்றாக ஓடி, ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் நின்றுபோகும். அப்போது சர்வர் மாற்றியதையே எல்லோரும் மறந்திருப்பார்கள்.

அடுத்து மாடியில் இருக்கும் அந்தப் பழைய ஸ்கேனர். தாளை வைத்துப் பொத்தானை அமுக்கினால் நேராக மெயிலில் அனுப்பும் வகை. டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய குறியாக்கப் பதிப்புகள் 2021 மார்ச்சில் முறைப்படி காலாவதியாக அறிவிக்கப்பட்டன. புதிய லினக்ஸ் மெஷின்கள் 1.2-க்குக் கீழே பேசாது. பழைய ஸ்கேனருக்கு 1.2 தெரியாது. திரையில் அது காட்டுவதோ, வழக்கம்போல, "அங்கீகாரப் பிழை". பில்லிங் மென்பொருள் ஓடும் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் இதே நிலைதான். இதற்கு நல்ல தீர்வு சாதனத்தை மாற்றுவது. முடியாத பட்சத்தில் அலுவலகத்துக்குள்ளேயே அந்த ஒரு ஸ்கேனரின் ஐபி முகவரிக்கு மட்டும் பாஸ்வேர்டு இல்லாமல் அனுப்ப அனுமதி கொடுக்கலாம்.

ஒரு முகவரிக்கு மட்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதியம் மூன்று மணி நெருங்க நெருங்க, "எல்லாத்தையும் திறந்து விடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முதலாளி சொல்வார். நம்பகமான நெட்வொர்க் பட்டியலில் உலகம் முழுவதையும் சேர்த்துவிட்டால் மெயில் உடனே போகும், உண்மைதான். உலகத்தில் இருக்கும் ஸ்பாம் கும்பல்களும் அந்த வாசல் வழியாகவே அனுப்பத் தொடங்கும். திறந்த சர்வர்களைத் தேடி இணையத்தை அலசிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்களுக்கு அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. தடைப் பட்டியலில் டொமைன் பெயர் ஏறினால், ஒரு விலைப்புள்ளி என்ன, அடுத்து அனுப்பும் எல்லா மெயிலும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

மொபைல் டேட்டாவில் வருது, வைஃபையில் வரலை

இந்தப் புகார் வந்தால் சிஸ்டம் தம்பி சந்தோஷப்பட வேண்டும். காரணம் அநேகமாகப் பிடிபட்டுவிட்டது.

தவறான பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்ப வருகிறவரைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கும் ஃபெயில்2பேன் என்ற காவல்காரர் பல சர்வர்களில் உண்டு. அவர் ஆளைப் பார்ப்பதில்லை, ஐபி முகவரியைப் பார்க்கிறார். அலுவலகத்தில் பதினைந்து பேருக்கும் ஒரே பிராட்பேண்ட் இணைப்பு; வெளியே தெரிவது ஒரே முகவரி. மூத்த ஊழியரின் போனில் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டு, அவர் கையே வைக்காமல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். காவல்காரர் முழு அலுவலகத்தையும் அடைத்துவிடுவார். வெளியில் போய் மொபைல் டேட்டாவில் பார்த்தால் திறக்கும், உள்ளே வந்தால் திறக்காது.

சர்வர் மாற்றும் வார இறுதியில் அலுவலகத்தின் ஐபி முகவரியை அந்தக் காவல்காரரின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். அது அடிக்கடி மாறும் முகவரி என்றால், இரண்டு நாளுக்கு அடைப்பு நேரத்தையாவது குறைத்து வைக்கலாம்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். போன் செயலியில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண், நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. புது மெஷினின் கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால், சரியான எண்ணும் தவறான எண்ணாகிவிடும். இணையத்தோடு நேரத்தை ஒத்திசைக்கும் சேவையை ஓடவிட்டால் தீர்ந்தது.

அனுப்பியாச்சு, போய்ச் சேர்ந்ததா?

மதியம் இரண்டரை. லாக்-இன் சரியாகிவிட்டது, விலைப்புள்ளி அனுப்பியாகிவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் வாங்குபவர் போன் செய்து, "மெயில் வரலைங்களே" என்கிறார்.

இது இரண்டாவது வகை அடையாளச் சரிபார்ப்பு. இதுவரை பார்த்தது, உங்கள் சர்வர் உங்களை நம்புவதா என்பது. இப்போது கேள்வி, கூகுளின் சர்வர் உங்கள் சர்வரை நம்புவதா என்பது. எஸ்பிஎஃப் என்பது, "எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்த ஐபி முகவரிகளுக்குத்தான் அனுமதி" என்று டொமைனில் எழுதி வைக்கும் அறிவிப்பு. மெஷின் மாறியதும் ஐபி மாறியிருக்கும். அறிவிப்பில் பழைய எண்ணே இருக்கும். டிகேஐஎம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் போடும் கையெழுத்து. கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி பழைய மெஷினிலேயே தங்கிவிட்டால், புது சர்வரின் மெயில் கையெழுத்து இல்லாத கடிதம்.

2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயில் இதில் கறாராக இருக்கிறது. எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது எல்லோருக்கும் கட்டாயம். நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், டிமார்க் என்ற கொள்கை அறிவிப்பும் வேண்டும். ஐபி முகவரியைக் கேட்டால் உங்கள் சர்வரின் பெயர் வர வேண்டும் என்ற தலைகீழ்ப் பதிவும் தேவை. அதை டொமைன் விற்றவரிடம் கேட்டால் கிடைக்காது. ஐபி கொடுத்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியவற்றின் கிளவுட் மெஷின்களில் வெளியே போகும் 25-ம் வாசல் வழக்கமாகவே அடைக்கப்பட்டிருக்கும் என்பதையும் மெஷின் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

சொந்த சர்வர் வைக்காமல், கம்ப்யூட்டரை மட்டும் மாற்றிவிட்டு அதே ஜிமெயிலை அவுட்லுக்கில் போட முயல்பவர்களின் கதை வேறு. 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில், வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையும் பழைய செயலிகளை கூகுள் நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் ஓடியதே என்று அதே பாஸ்வேர்டைப் போட்டால் ஏற்காது. ஒன்று, கூகுளின் பக்கத்தைத் திறந்து அனுமதி கேட்கும் புதிய செயலி வேண்டும். இல்லையென்றால் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, அந்தச் செயலிக்கென்று 16 எழுத்துத் தனி பாஸ்வேர்டு உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

"உங்கள் மெயில் பெட்டி மாற்றப்படுகிறது"

இப்படி ஒரு தலைப்பில் மெயில் வரும். சர்வர் மாறப்போகிறது என்று அலுவலகம் முழுக்கத் தெரிந்திருக்கும் வாரத்தில் வந்தால், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். "புது சர்வரில் தொடர, கீழே பாஸ்வேர்டை உறுதிசெய்க" என்ற இணைப்பை அமுக்கி, கேட்டதை அடித்துவிடுவார்கள். அந்த மெயில் பெட்டி கையில் கிடைத்ததும் மோசடிக்காரர் உடனே எதையும் செய்வதில்லை. பில்கள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரிய தொகை வரும் நாளில், "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று அதே முகவரியில் இருந்து வாடிக்கையாளருக்கு எழுதுவார். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அந்தக் கணக்கில் பணத்தை முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

சர்வர் மாற்றும் முன்பு, என்ன நடக்கும், யார் போன் செய்வார், எதைக் கேட்க மாட்டார் என்று ஊழியர்களிடம் நேரில் சொல்லிவிடுவதற்குப் பத்து நிமிடம் போதும்.

பழைய மெஷினை எப்போது அணைப்பது?

உடனே அணைக்கக் கூடாது. சர்வரின் பெயருக்கும் ஐபிக்கும் உள்ள தொடர்பை இணையம் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். டொமைன் பதிவில் அந்த நேரம் 86,400 நொடி என்று இருந்தால், அதாவது ஒரு நாள், மாற்றிய பிறகும் சிலருடைய போன் பழைய மெஷினுக்கே போய்க்கொண்டிருக்கும். அங்கே பாஸ்வேர்டு சரியாக இருக்கும், லாக்-இன் ஆகும், ஆனால் இன்றைய மெயில் இருக்காது. இரண்டு நாளுக்கு முன்பே அந்த நேரத்தை 300 நொடியாகக் குறைத்து வைத்தால் இந்தக் குழப்பம் ஐந்து நிமிடத்தோடு முடியும். கடைசி நேரத்தில் பழைய மெஷினில் வந்து விழுந்த மெயில்களை மீண்டும் ஒருமுறை ஒத்திசைத்துப் புது மெஷினுக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பழைய மெஷினின் பதிவேட்டைத் தினமும் ஒருமுறை பார்த்தால் போதும். இன்னும் யார் அங்கே வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்பது தெரியும். முதல் நாள் பத்துப் பேர் இருப்பார்கள், மூன்றாம் நாள் இரண்டு பேர். வாரக் கடைசியிலும் ஒரே ஒரு முகவரி விடாமல் வந்துகொண்டிருக்கும். தேடிப்போய்ப் பார்த்தால், சர்வரின் பெயருக்குப் பதிலாகப் பழைய ஐபி எண்ணையே யாரோ உள்ளே அடித்து வைத்த, மாடியில் இருக்கும் அந்த ஸ்கேனராக இருக்கும்.